200 எம்.பி.பி.எஸ். இணையத் திட்டம், மாடியில் எப்போதும் 94: ரௌட்டர் வாங்குவதா, திட்டத்தை உயர்த்துவதா?

பாளை_வாசி

வணக்கம். பாளையங்கோட்டையில் என் தந்தை 1988-இல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். கீழும் மேலும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஓராண்டாக 200 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 200 மெகாபிட்) ஃபைபர் இணைய இணைப்பு வைத்திருக்கிறோம். ஃபைபர் வயர் வந்து சேரும், வைஃபையும் தரும் ஓ.என்.டி. பெட்டி, நிறுவனத்தார் தந்தது, கூடத்தில் பீரோவின் தலைமேல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு லேன் கேபிள் புறப்பட்டு, பின்பக்க மாடிப்படி வழியாக என் அறைக்கு ஏறி, நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ரௌட்டரில் முடிகிறது. அந்த ரௌட்டரின் அட்டைப்பெட்டியில் 1200 எம்.பி.பி.எஸ். என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கூடத்தில் பெட்டிக்கு அருகில் நின்று கைப்பேசியில் சோதித்தால் 180 வருகிறது. மாடியில் ரௌட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் 93 அல்லது 94தான். விடியற்காலை ஆனாலும் நள்ளிரவு ஆனாலும் அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறுவதில்லை. கீழே பின்பக்கம் உள்ள அடுக்களையில் 12 வந்தால் பெரிது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது 300 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். கடைக்காரர் வீடு முழுவதும் வைஃபையைப் பரப்பும், மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுப்பை 14,000 ரூபாய்க்குக் காட்டினார். தீபாவளிச் சலுகையில் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனுக்கு மடிக்கணினியும் வாங்க வேண்டியிருப்பதால், கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முறுக்கிய_இணை

இதில் முக்கியமான தகவல் உங்கள் 94தான், ஐயா. வைஃபை பலவீனமாக இருந்தால் எண் 60, 110, 85 என்று ஆடிக்கொண்டே இருக்கும். நிறுவனத்தின் பக்கம் நெரிசல் என்றால் இரவு ஒன்பது மணிக்குக் குறைந்து, விடியற்காலையில் ஏறும். எந்த நேரமும் அசையாமல் 94-இல் நிற்கிறது என்றால், வழியில் எங்கோ 100 எம்.பி.பி.எஸ். கம்பி இணைப்பு ஒன்று இருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

100 ஏன் 94 ஆகிறது என்று கேட்பீர்கள். ஈதர்நெட் என்னும் லேன் கம்பியில் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் 1538 பைட் இடத்தை அடைக்கிறது. முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் போக நமக்குச் சேரும் சரக்கு அதில் ஏறக்குறைய 1460 பைட்தான். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 95-க்குச் சற்றே குறைவாக வரும்.

ஆகவே முதலில் உங்கள் ரௌட்டரின் பின்புறத்தையும், அதன் விவரக்குறிப்பையும் பாருங்கள். கேபிள் செருகும் துளைகளுக்கு எதிரே 10/100 என்று மட்டும் இருந்து 1000 இல்லை என்றால், 300 அல்ல, 1000 திட்டம் போட்டாலும் மாடியில் 94தான் கிடைக்கும். அட்டைப்பெட்டியின் 1200 என்பது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய எண். அந்த வேகத்தை எந்த ஒரு கைப்பேசியும் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

கொடிவேரி

நான் சென்ற ஆண்டு மூன்று பெட்டி மெஷ் வாங்கினேன். வீடு முழுவதும் ஒரே பெயரில் வைஃபை கிடைக்கிறது, நிம்மதியாக இருக்கிறேன். இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சிக்கனச்_செல்வி

கொடிவேரி நண்பருக்குப் பணம் போனாலும் நிம்மதி கிடைத்திருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெஷ் பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றின் வழியே பேசும்போது, வாங்கிய தரவை அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் மலிவான வகைகளில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பாளை நண்பரின் வீட்டிலோ, கான்கிரீட் தளத்தைத் தாண்டி ஒரு கேபிள் ஏற்கெனவே மாடிக்கு ஏறியிருக்கிறது. பலர் பணம் கொடுத்தும் சுவரைத் துளைக்க மனம் வராமல் விட்டுவிடும் வேலை அது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ்., முழு எச்.டி. படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ். போதும் என்று சொல்கிறது. வீட்டில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் 60தான் ஆகும். பல நிறுவனங்களின் "வரம்பற்ற" திட்டங்களில் மாதம் 3,300 ஜி.பி. என்ற வரம்பு நிபந்தனைகளுக்குள் இருக்கிறது. அது நாளுக்கு 110 ஜி.பி.; ஒரு குடும்பம் முயன்றாலும் தீர்ப்பது கடினம். எனவே திட்டத்தை உயர்த்தும் பேச்சைத் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டில் குறை இருப்பது அடுக்களையில் வரும் 12-இல். மாடியில் வரும் 94-ஐக் குறை என்றே நான் சொல்ல மாட்டேன்.

பாளை_வாசி

விளக்கங்களுக்கு நன்றி. ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தேன். முறுக்கிய_இணை சொன்னபடியே 10/100 என்றுதான் இருக்கிறது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் 1000 துளை உள்ள ரௌட்டரை ஒருநாள் இரவலாக வாங்கி, அதே கேபிளில் மாட்டிச் சோதித்தேன். அதிலும் 94! ஓ.என்.டி. பெட்டியின் துளையில் 1000 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இப்போது யாரைச் சந்தேகிப்பது?

பழைய_லைன்மேன்

தம்பி, தொலைபேசித் துறையில் கம்பி இழுத்தே ஓய்வு பெற்றவன் நான். கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள கண்ணாடி போன்ற கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் முனைவரை சென்று பித்தளைப் பல்லைத் தொட வேண்டும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் போய், நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே மடித்து விடப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

100 எம்.பி.பி.எஸ். இணைப்புக்கு நான்கு கம்பிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். அந்த நாளில் மிச்சமிருக்கும் இரண்டு ஜோடிகளில் தொலைபேசியை ஓட்டுவோம், அல்லது இன்னொரு கணினிக்கு இணைப்புக் கொடுப்போம். பழக்கத்தில் இன்றும் சில பையன்கள் நான்கைத்தான் கிரிம்ப் செய்கிறார்கள், அதாவது கனெக்டரில் அழுத்திப் பொருத்துகிறார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று. பெரும்பாலான கருவிகள் 1000-க்குச் சில நொடிகள் முயன்று பார்த்துவிட்டு, முடியாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது, ஆகவே யாரும் புகார் சொல்வதில்லை.

எட்டுக் கம்பியும் இருந்தால், இடையில் எங்கோ ஒன்று அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது உறையின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கேபிளின் தரத்தைக் குறிக்கும் கேட் 5இ என்று இருந்தால் 100 மீட்டர் வரைக்கும் 1000 எம்.பி.பி.எஸ். தாங்கும், கேட் 6 தேடி அலைய வேண்டாம். ஆனால் கம்பியைச் சுரண்டிப் பார்த்து உள்ளே வெள்ளையாக இருந்தால், அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். நாலு முறை மடக்கினால் ஒடியும் சரக்கு அது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுச் செம்பு வாங்குங்கள்.

பாளை_வாசி

ஐயா, நேரில் வந்து பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள். மாடி முனையில் நான்கே கம்பிகள்! நீலமும் பழுப்பும் வெட்டாமல் உறைக்குள் மடிந்து கிடக்கின்றன. கீழ் முனையும் அப்படியே.

பழைய_லைன்மேன்

வெட்டாமல் விட்டவன் நல்ல பையன். இரண்டு முனையிலும் ஒரே வண்ண வரிசையில் எட்டையும் மாற்றிக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் முறையாக எரிகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். கையோடு ஓ.என்.டி. பெட்டியைப் பீரோமேலிருந்து இறக்கிவிடுங்கள். இரும்புப் பீரோவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வைஃபை எப்படிப் போகும்? இறக்கும்போது பச்சை முனை கொண்ட மெல்லிய ஃபைபர் வயரை நீங்களே கழற்றாதீர்கள், இறுக்கி மடிக்காதீர்கள், அதன் முனையைக் கண்ணருகில் வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். வயர் நீளம் போதாது என்றால் நிறுவனத்தாரை அழையுங்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம்; அதற்கு ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டும் பயன் இல்லை.

முறுக்கிய_இணை

லைன்மேன் ஐயாவுக்கு வணக்கம். துளையைப் பார்க்கச் சொன்ன நான் கேபிளின் முனையைப் பார்க்கச் சொல்ல மறந்தது என் தவறுதான். உங்கள் வீட்டில் 100-இல் நிறுத்தும் தடைகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இருந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் ரௌட்டர் வாங்கிய பணம் வீண் என்று நினைத்திருப்பீர்கள்.

அடுக்களைக்கு வருவோம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அங்கே அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. கைப்பேசியில் ஒரு வைஃபை அளவீட்டுச் செயலியைப் போட்டு, இந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். சமைக்கும் நேரத்தில் மட்டும் இணையம் தடுமாறினால் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகியுங்கள், அதுவும் இதே அலைவரிசைப் பக்கத்தில்தான் இயங்குகிறது.

அதற்கும் சரிப்படவில்லை என்றால் உங்கள் பழைய ரௌட்டரை எறியாமல், ஓ.என்.டி.யிலிருந்து இன்னொரு கேபிள் இழுத்து அடுக்களை ஓரத்தில் வைத்து, அக்சஸ் பாயிண்ட் முறையில், அதாவது வைஃபையைப் பரப்ப மட்டும், ஓட்டுங்கள். அதன் 94 அங்கே தாராளம். மாடிக்கு வாங்கும் புதிய ரௌட்டரையும் அதே முறையில் வைத்தால், கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை ஓ.என்.டி. மட்டும் செய்யும். இல்லாவிட்டால் மாடியில் இருக்கும் கணினிக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியவில்லை என்று இந்த மன்றத்தில் இன்னொரு இழை தொடங்க வேண்டி வரும்.

கொடிவேரி

சுவர் ஓரமாக வயர் ஓடுவது வீட்டம்மாவுக்குப் பிடிக்காது என்பதை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குத்தான் வயரில்லாமல் வைஃபையை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் என்று ஒன்று விற்கிறார்கள்.

சிக்கனச்_செல்வி

வீட்டம்மாவாகச் சொல்கிறேன்: அழகாக ஓடும் வெள்ளை கேசிங் பட்டையோடு எனக்குப் பகை இல்லை. எக்ஸ்டெண்டரைச் சிக்னல் வராத அடுக்களையில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வராத சிக்னலை அது எப்படி நீட்டிக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் அதைச் செருக வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். சொந்த வீட்டில் கேபிள்தான்.

ரிச்சித்தெரு_வாடிக்கை

வாங்குவதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாகச் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சித் தெருவில் வாங்கியும் ஏமாந்தும் பழகியவன்.

ரௌட்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஏ.எக்ஸ். என்பது வைஃபை 6 வகை; ஏ.எக்ஸ். 1500 என்றால் 300-உம் 1201-உம் சேர்ந்தது, ஏ.எக்ஸ். 3000 என்றால் 574-உம் 2402-உம். 200 திட்டத்துக்கு முதலாவதே மிகுதி. எல்லாத் துளைகளும் 1000 ஆனவையா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். ஆன்டெனாக்களை எண்ண வேண்டாம். நான்கு கொம்பு வைத்துக்கொண்டு 10/100 துளையோடு விற்கும் ரௌட்டர்கள் இன்னும் கடைகளில் இருக்கின்றன. அடாப்டரில் இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவானது என்று காட்டும். எனக்கு ஒருமுறை விற்ற அடாப்டரின் எண் வேறொரு பொருளுக்கு உரியதாக இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்ததும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

மடிக்கணினிக்கு வருகிறேன். பழையது ஒன்று வீட்டில் இருக்கிறதா, அதன் வயது என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. 2017-ஐ ஒட்டி வந்த ஏழாம் தலைமுறை இன்டெல் கணினி என்றால், விண்டோஸ் 11-க்கு அது பெரும்பாலும் தகுதி பெறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதற்காக அதை எடைக்குப் போட வேண்டாம். சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் நிறுவிப் பாருங்கள். இணைய வகுப்புக்கும் கட்டுரை எழுதவும் அது போதும். எட்டு ஆண்டுக் கணினி "மெதுவாகிவிட்டது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் குறை சொல்வது உண்மையில் அந்த ஹார்டு டிஸ்க்கைத்தான்.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால், ரேம் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டி வருகிறதா, கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டி வந்தால் 16 ஜி.பி.க்குக் குறைந்து வாங்காதீர்கள். நாளைக்குக் கூட்ட முடியாது. வாரண்டி வீட்டுக்கு வந்து பார்ப்பதா, நீங்கள் தூக்கிச் செல்ல வேண்டியதா என்பதும், அதற்கான மையம் திருநெல்வேலியில் இருக்கிறதா என்பதும் விலையில் ஆயிரம் ரூபாய் குறைவதைவிட முக்கியமானவை.

சிக்கனச்_செல்வி

விலையைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்த பொருள்களில் ஏ.சி.யும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களும் உண்டு. மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் முன்பும் 18தான், இப்போதும் 18தான். ஆகவே "ஜி.எஸ்.டி. குறைப்பு விலை" என்று மடிக்கணினிக்கு ஒட்டியிருக்கும் காகிதத்துக்கு மதிப்பில்லை. இரண்டாவது, வட்டியில்லாத் தவணை. பல அட்டைகளில் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக்கொண்டாலும், அந்த வட்டிக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும் நடைமுறைக் கட்டணத்தையும் நம்மிடமே வாங்குகிறார்கள். தொகை பெரிதல்ல, ஆனால் "இல்லை" என்ற சொல் பொய்.

எம்.ஆர்.பி.யில் எத்தனை விழுக்காடு தள்ளுபடி என்பதைப் பார்க்கவே வேண்டாம், எம்.ஆர்.பி.யில் எவரும் விற்பதில்லை. வேண்டிய மாடலின் விலையை இன்றே ஒரு தாளில் குறித்து வைத்து, சலுகை நாளில் ஒப்பிடுங்கள். வரிசை எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பெட்டியைத் தொடாதீர்கள். இணையத்தில் வாங்கினால், தளத்தின் பெயரை விட்டுவிட்டு விற்பவரின் பெயரைப் பாருங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எனக்குக் கெட்டுப்போன ஒரு மின்விசிறிக்காக அதைப் பயன்படுத்தி, பணம் திரும்பக் கிடைத்தது.

மின்தடை_மாதாந்திரம்

ஒன்று விட்டுப்போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஓ.என்.டி. அணைந்துவிட்டால் 200 திட்டத்தால் என்ன பயன்? இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, ரௌட்டருக்கென்றே விற்கும், பேட்டரி உள்ள சிறிய டி.சி. யு.பி.எஸ். வாங்கலாம். ஓ.என்.டி. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யு.பி.எஸ்.ஸின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

பாளை_வாசி

அனைவருக்கும் கணக்கு ஒப்பிக்கிறேன்.

கேபிளின் இரு முனைகளையும் மாற்றிக் கிரிம்ப் செய்ய ஆள் கூலியோடு 250 ரூபாய் ஆயிற்று. 1000 துளைகள் கொண்ட வைஃபை 6 ரௌட்டர் மூவாயிரத்துச் சொச்சம். மாடியில் இப்போது 188 வருகிறது. ஓ.என்.டி. பீரோவிலிருந்து இறங்கி, கூடத்துச் சுவரில் ஆள் உயரத்தில் ஏறிவிட்டது. அதிலேயே அடுக்களையின் 12 என்பது 35 ஆகிவிட்டதால், பழைய ரௌட்டரை அங்கே வைப்பதை என் மனைவி தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சமையல் காணொளி தடையின்றி ஓடுகிறதாம். மெஷ்ஷும் 300 திட்டமும் இல்லை.

பழைய மடிக்கணினி 2017-ஐச் சேர்ந்ததுதான். எஸ்.எஸ்.டி. போட்டதும் அது எழுந்து நிற்கும் வேகத்தைப் பார்த்து, மகளின் வகுப்புகளுக்கு அதையே கொடுத்துவிட்டேன். மகனுக்குப் புதியது வாங்கத்தான் வேண்டும். செல்வி அம்மா சொன்னபடி மூன்று மாடல்களின் விலையைக் குறித்து வைத்திருக்கிறேன். சலுகை தொடங்கிய முதல் நாளில் அவற்றில் ஒன்றின் விலை நான் குறித்ததைவிட 600 ரூபாய் கூடியிருந்தது, பக்கத்தில் "30 விழுக்காடு தள்ளுபடி" என்ற சிவப்புப் பட்டையோடு.

லைன்மேன் ஐயாவுக்கு ஒரு கேள்வி: கேபிள் பின்பக்க மாடிப்படியில் நான்கடி தூரம் வெட்டவெளியில், கைப்பிடிக் கம்பியில் கட்டப்பட்டு ஓடுகிறது. அதை அப்படியே விடலாமா?

பழைய_லைன்மேன்

விடாதீர்கள், தம்பி. வெயிலில் உறை பொரிந்துபோகும், அணில் கடிக்கும், இதோ ஐப்பசி மழையும் வந்துவிட்டது. முக்கால் அங்குல பி.வி.சி. பைப் ஒரு துண்டு வாங்கி அதற்குள் விட்டு, இரும்புக் கைப்பிடியிலிருந்து விலக்கிச் சுவரில் கிளிப் அடியுங்கள். மழைநீர் கேபிள் வழியாக அறைக்குள் இறங்காதபடி, சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். இடி மழை தொடங்கும் முன்பே அடாப்டரையும் மாடி முனையையும் கழற்றி வைத்துவிடுங்கள்; ஃபைபரில் மின்னல் பாயாது, உங்கள் நான்கடிச் செம்பில் பாயும்.